ஐரிஷ் செனட்: அலுவல் வரிசையா, தொடக்க விவகாரமா?

அயர்லாந்து நாடாளுமன்றத்தின் மேலவைதான் செனட். டப்ளின் லென்ஸ்டர் ஹவுஸில் 60 செனட்டர்கள். அன்றாடம் வாய் திறக்க இரண்டு வழிகள் உண்டு: அன்றைய அலுவலை முடிவு செய்யும் அலுவல் வரிசை (Order of Business), ஒரு விஷயத்தை அமைச்சரிடம் நேரே கேட்கும் தொடக்க விவகாரம் (Commencement Matter).

அலுவல் வரிசையில் எதையும் எழுப்பலாம்: மருத்துவமனை நெரிசல், பேருந்துத் தடம், ஊர் அணியின் வெற்றி. ஆனால் துறை அமைச்சர் இருக்கமாட்டார். எல்லோரும் பேசி முடித்த பிறகு அரசுத் தரப்பின் அவை முன்னவர் (Leader) மொத்தமாகப் பதில் சொல்வார். அமைச்சரையே அவைக்கு வரவழைக்கத் திருத்தம் கொண்டுவரலாம், வழிமொழிய ஒருவர் வேண்டும். வாக்கெடுப்பில் அரசுத் தரப்பு பெரும்பாலும் அதைத் தோற்கடித்துவிடும்.

தொடக்க விவகாரத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும், சபாநாயகர் தேர்ந்தெடுக்கணும். தேர்வானால் அரசின் பதில் பதிவேறும். சிக்கல் என்னவென்றால், சில நாள் வேறு துறை இணையமைச்சர் வந்து, உரிய துறை எழுதிக் கொடுத்த பதிலை வாசிப்பார். துணைக்கேள்வி அங்கேயே நின்றுவிடும். அதனால் கேள்வியைக் குறுக்குங்கள்: ஒரு பள்ளி, ஒரு கட்டடம், ஒரு தேதி. உள்ளூர்ப் பிரச்சினைக்கு இந்த வழிதான் மேல்.