ஐந்து நிமிடம் கீழே கிடப்பது எப்படி: ஓர் எம்எம்ஏ தொடக்க வகுப்பு, விமர்சனம்

சிங்கப்பூரில் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டைக்கலை) கற்றுத்தரும் எந்த இடத்துக்குப் போனாலும் சுவரில் 'வீரம்' என்று எழுதியிருக்கும். ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் இந்தப் பள்ளியிலும் சிவப்பு எழுத்தில், ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பள்ளியின் பெயர் இங்கே வராது. குறை சொல்லவேண்டிய இடங்கள் உண்டு. அவற்றில் பாதி மற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது 8 வாரத் தொடக்க வகுப்பு. வாரம் 2 நாள், தலா 90 நிமிடம், ஆக மொத்தம் 16 வகுப்பு. கட்டணம் 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

எம்எம்ஏ சுற்று 5 நிமிடம், இடையில் 1 நிமிட ஓய்வு. சாதாரணப் போட்டி 3 சுற்று, பட்டப் போட்டி 5 சுற்று. தொடக்கக்காரர் பெரும்பாலும் முதல் சுற்றின் இரண்டாவது நிமிடத்திலேயே ஓய்ந்துவிடுவார். ராணுவ உடல்தகுதித் தேர்வான ஐபிபிடியில் 2.4 கிலோமீட்டரை நல்ல நேரத்தில் ஓடி முடிக்கிறவருக்கும் இதே கதிதான். தைரியக் குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. பதற்றத்தில் மூச்சை அடக்கிவிடுகிறார், பல்லைக் கடிக்கிறார், தேவையில்லாத தசைகளையெல்லாம் இறுக்கிப் பிடிக்கிறார். உடம்பு தன் எரிபொருளைத் தானே கொட்டித் தீர்க்கிறது. இந்த இரண்டாவது நிமிடத்தை ஒரு வகுப்பு எப்படிக் கையாள்கிறது என்பதுதான் 480 வெள்ளிக்கான கேள்வி.

இங்கே நன்றாகவே கையாள்கிறார்கள். முதல் நாளில் குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. ஒருவர் மல்லாந்து படுக்க, இன்னொருவர் குறுக்கே நெஞ்சை வைத்து அழுத்திப் படுக்கிறார். சைட் கண்ட்ரோல் என்று சொல்வார்கள். 2 நிமிடம் அப்படியே. கீழே கிடப்பவருக்கு ஒரே வேலை, வாயை மூடி மூக்கால் மூச்சுவிடுவது. தப்பிக்க முயன்றால் பயிற்சியாளர் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார். புதிதாக வந்தவர்கள் முகத்தில் 'இதற்கா காசு கட்டினோம்' என்பது அப்பட்டமாகத் தெரியும். ஆனால் 16 வகுப்பில் இதைவிடப் பயனுள்ள 2 நிமிடம் வேறில்லை. மேலே 80 கிலோ கிடந்தாலும் மூச்சு விட முடியும் என்பதை உடம்பு தெரிந்துகொண்டால்தான் அடுத்த பாடம் மண்டையில் ஏறும்.

அடுத்த பாடம், அங்கிருந்து வெளியேறுவது. இதற்கு மட்டும் மூன்று வகுப்பு ஒதுக்கியிருக்கிறார்கள், அது சரியான கணக்கு. எதிராளி உங்கள் வலப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலது முன்கை அவர் இடுப்பெலும்பில், இடது முன்கை அவர் தாடைக்குக் கீழே கழுத்தோரம். முழங்கை இரண்டும் மடங்கியிருக்க வேண்டும். இதற்கு ஃப்ரேம் என்று பெயர். வேலை செய்வது எலும்பு, தசை அல்ல. பிறகு இரண்டு குதிகாலையும் புட்டத்துக்கு அருகில் இழுத்து ஊன்றி, இடுப்பை அவர் பக்கமாகத் தூக்கி முட்ட வேண்டும். அவர் எடை ஒரு கணம் தளரும். உங்கள் இடுப்பு இறங்கும் அதே வேகத்தில், இறால் வளைவதுபோல வளைந்து இடுப்பை இடப்பக்கம் பின்னால் இழுக்க வேண்டும். விழுந்த இடைவெளியில் வலது முழங்காலை அவர் வயிற்றுக்குக் குறுக்கே நுழைத்தால் பாதி வெளியே வந்தாயிற்று. மிச்சம் கார்டுக்கு, அதாவது எதிராளியை உங்கள் கால்களுக்கு நடுவே வைத்துக் கட்டுப்படுத்தும் நிலைக்கு, திரும்புவது.

படிக்கும்போது நான்கு அசைவு, செய்யும்போது நான்கு பிழை. முதல் பிழை, உள்ளங்கையால் தள்ளுவது. கை நீண்டவுடன் அந்தக் கையைப் பிடித்து மடக்கிவிடுவார்கள். இரண்டாவது, முட்டாமலே இறாலாக வளையப் பார்ப்பது. எடை தளராத இடத்தில் இடுப்பு நகராது, முதுகுதான் வலிக்கும். மூன்றாவது, முட்டிவிட்டு ஒரு நொடி இளைப்பாறுவது. அந்த ஒரு நொடியில் மேலே இருப்பவர் மறுபடி உட்கார்ந்துகொள்வார். நான்காவதுதான் ஆபத்து: பொறுக்கமுடியாமல் அவருக்கு எதிர்ப்பக்கம் புரண்டு முதுகைக் கொடுப்பது. நம் மொழியில் புறமுதுகு காட்டுவது மானப் பிரச்சினை. இந்த மேட்டில் (பயிற்சி விரிப்பில்) அது கழுத்துப் பிரச்சினை. பின்னாலிருந்து கழுத்தின் இரண்டு பக்க ரத்தக் குழாய்களையும் சரியாக அமுக்கினால் பத்து நொடியைச் சுற்றி நினைவு போய்விடும்.

இந்த நான்கில் எதைச் செய்கிறீர்கள் என்று பெயர் சொல்லித் திருத்துகிறார் தலைமைப் பயிற்சியாளர். 'இன்னும் முயற்சி செய்' என்று கத்துவது அவர் வழக்கமில்லை. உதவிப் பயிற்சியாளர் ஒருவருக்கு அந்த வழக்கம் உண்டு, அவரிடம் மாட்டிக்கொண்டால் அன்றைய வகுப்பு வீண்.

ஆறாவது வாரம் ஷார்க் டேங்க். ஒருவர் 5 நிமிடம் கீழேயே இருப்பார். நிமிடத்துக்கு ஒருமுறை களைக்காத புது ஆள் மேலே வருவார். இதைத் தண்டனையாக நடத்தும் பள்ளிகள் உண்டு. இங்கே அளவு வைத்திருக்கிறார்கள். முதல் ஆள் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, கடைசி ஆள் முக்கால் பங்கு, அடி கிடையாது, பிடி மட்டும். வெளியே வந்துவிட்டால் மறுபடி கீழே போய்ப் படுக்க வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் எல்லாருக்கும் ஃப்ரேம் குலைகிறது. குலைந்ததைக் கவனித்து, முழங்கையை மீண்டும் விலாவோடு சேர்த்து, முதல் படியிலிருந்து தொடங்குகிறவர்தான் அன்று எதையாவது கற்றவர். ஆவேசமாக உதறுகிறவர் நாலாவது நிமிடம் அசையாமல் கிடப்பார். சுவரில் எழுதியிருக்கும் அந்தச் சொல்லுக்கு இந்தக் கட்டடத்தில் ஏதாவது பொருள் உண்டென்றால் அது இந்த மூன்றாவது நிமிடத்தில் இருக்கிறது.

முன்னாலிருந்து கழுத்தைப் பிடிக்கும் கிலட்டின் பாடத்துக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2022 ஜூன் 12, காலாங்கில் உள்ள சிங்கப்பூர் உள்ளரங்கு விளையாட்டரங்கம், அமெரிக்க எம்எம்ஏ நிறுவனமான யுஎஃப்சி நடத்திய யுஎஃப்சி 275. 42 வயது குளோவர் டெஷேராவும் யிரி புரொஹாஸ்காவும் மோதிய பட்டப் போட்டி. ஐந்தாம் சுற்றில் புரொஹாஸ்காவைத் தடுமாற வைத்த டெஷேரா, தொடர்ந்து அடிக்காமல் கிலட்டினுக்குத் தாவினார். பிடி நிற்கவில்லை, நல்ல இடம் கைவிட்டுப் போனது. 4 நிமிடம் 32 நொடியில், அதாவது மணியடிக்க 28 நொடி இருக்கும்போது, பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துப் புரொஹாஸ்கா முடித்துவிட்டார். இடத்தைப் பிடித்த பிறகே முடிக்கும் பிடிக்குப் போக வேண்டும் என்பது இந்தக் கலையின் அரிச்சுவடி. களைப்பில் அரிச்சுவடிதான் முதலில் மறக்கும். அதே அரங்கத்தில் 2016 மே 6 அன்று ஏஞ்சலா லீ 19 வயதில் மேய் யமாகுச்சியுடன் 25 நிமிடமும் நின்று, நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் சிங்கப்பூர் எம்எம்ஏ நிறுவனமான ஒன் சாம்பியன்ஷிப்பின் பட்டத்தை வென்றதையும் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மூச்சுப் பாடம் தனியாக வேண்டாம்.

ஏழாம் வாரம் சுவரோடு எழுவது. போட்டியில் இருப்பதுபோல முழுக் கூண்டு இல்லை, சில மீட்டர் வேலித்தடுப்பு மட்டும். முதுகைத் தடுப்பில் சாய்த்து உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை எதிராளியின் அக்குளுக்குள் கொடுத்து, ஒரு காலை மடக்கித் தடுப்பில் தேய்த்துக்கொண்டே எழ வேண்டும். இரண்டு கையையும் தரையில் ஊன்றினால் கழுத்து திறந்து கிடக்கும். பாடம் சரி, இடம் போதாது. ஒரே நேரத்தில் மூன்று ஜோடிதான் பழக முடிகிறது, மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

நின்று அடிக்கும் பகுதி சுமார்தான். ஜாப் (முன்கைக் குத்து), கிராஸ் (பின்கைக் குத்து), தாழ் உதை, அதைக் காலால் தடுப்பது, அவ்வளவு. சிலம்பம் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, காலை அகல வைத்து நிற்கும் பழக்கம் கம்பு கையில் இருக்கும்வரை நல்லது. கம்பு இல்லாதபோது முன்கால் தாழ் உதைக்கு விருந்து. இதைத் திருத்தும் அளவுக்கு எட்டு வாரத்தில் நேரம் ஒதுக்கவில்லை.

கையுறை விஷயத்தில் நேரடியாகவே குறை சொல்ல வேண்டும். முகப்பு மேசையில் தொடக்கக்காரர்களுக்கு 4 அவுன்ஸ் கையுறையை விற்கிறார்கள். அது போட்டிக்கு உரியது. விரல் கணுவின் மேல் திண்டு மெல்லியது. ஸ்பாரிங்குக்கு (ஜோடியோடு மோதிப் பழகுவதற்கு) 7 அவுன்ஸ், குத்து மட்டும் பழகும் நாளில் 16 அவுன்ஸ் பாக்ஸிங் கையுறை, இதுதான் உங்கள் ஜோடிக்குச் செய்யும் மரியாதை. காலுக்கு, ஒட்டுப்பட்டை வைத்ததைவிடச் சாக்ஸ் மாதிரி இழுத்துப் போடும் கணைக்கால்காப்பு (ஷின் கார்ட்) மேல், உருளும்போது நழுவாது. பல்காப்பு கட்டாயம். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் வகையே முதலில் போதும். உறையில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் கடிக்கும்போது பிளாஸ்டிக் மெலிந்து பல்லுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சாது. கடித்தபிறகு உறிஞ்சி இறுக்க வேண்டும். வாயைத் திறந்தால் கீழே விழாமல் மேல்பல்லில் நின்றால் சரி. தலைக்காப்பு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு வேகமாக அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், குமட்டல், மறதி என்று எது வந்தாலும் அன்றோடு நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தப் பள்ளி இதை எழுதியே வைத்திருக்கிறது, நடைமுறையிலும் நிறுத்துகிறார்கள்.

தோல்வியை ஒப்புக்கொண்டு பிடியை விடச் சொல்லும் சைகையான டேப் அடிப்பதைப் பற்றியும் தெளிவாகச் சொல்லித் தருகிறார்கள். மூன்று முறை எதிராளி உடம்பில் தட்ட வேண்டும், கை மாட்டிக்கொண்டால் வாயால் சொல்ல வேண்டும். குதிகாலைத் திருகும் ஹீல் ஹுக் தொடக்க வகுப்பில் தடை. சரியான தடை. அந்தப் பிடியில் வலி தாமதமாக வரும், அதற்குள் முழங்கால் தசைநார் போயிருக்கும்.

மன்னிக்க முடியாத ஒன்று உண்டு. வகுப்பு முடிந்ததும் அமெச்சூர் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம் என்று ஊக்குவிக்கிறார்கள். கூடவே, வியர்வை உடை போட்டு ஓடி, தண்ணீரைக் குறைத்து நாலைந்து கிலோ இறக்கிவிடலாம் என்று அதே உதவிப் பயிற்சியாளர் யோசனை சொல்கிறார். 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங் மணிலாவில் போட்டிக்கு எடை குறைக்கும்போது இறந்தார், வயது 21. அதன் பிறகுதான் ஒன் சாம்பியன்ஷிப் உடம்பில் நீர் வற்றவைத்து எடை குறைப்பதைத் தடைசெய்து, எடையோடு நீர்ச்சத்தையும் சோதிக்கத் தொடங்கியது. அந்த நிறுவனம் தொடங்கிய ஊரிலேயே இப்படி யோசனை சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். எந்த எடையில் நடமாடுகிறீர்களோ அந்த எடைப் பிரிவில் பெயர் கொடுங்கள்.

சுத்தம் பரவாயில்லை. வகுப்புக்கு வகுப்பு கிருமிநாசினி போட்டு மேட்டைத் துடைக்கிறார்கள், ஆனால் மேட் இணையும் இடுக்குகளில் அழுக்கு தங்குகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் படர்தாமரைக்கு இது போதும். முழுக்கை ரேஷ்கார்ட் (உடம்போடு ஒட்டும் பயிற்சிச் சட்டை) போடுங்கள், நகம் வெட்டிவிட்டுப் போங்கள், குளிக்காமல் பேருந்து ஏறாதீர்கள். குளியலறை இரண்டுதான். குளிர்சாதனம் கிடையாது, நான்கு மின்விசிறி. 90 நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பற்றாது.

வகுப்பு நடப்பது ஆங்கிலத்தில். தலைமைப் பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியும், தேவைப்பட்டால் 'இடுப்ப இழு, கைய நீட்டாத' என்று தமிழிலேயே குரல் கொடுக்கிறார். தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் வருவதற்கு இதுவும் காரணம். பெண்களுக்கென்று தனி வகுப்பு இல்லை. ஜோடி சேர்க்கும்போது எடையும் விருப்பமும் கேட்டே சேர்க்கிறார்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் 12 மாத உறுப்பினர் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். தானாகவே புதுப்பிக்கும் வரி இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. அதை அடித்துத் தரச் சொல்லிக் கேட்டால் அடித்துத் தருகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. மாத உறுப்பினராகச் சேர்வது கொஞ்சம் கூட, ஆனால் அதுவே மேல்.

சோதனை வகுப்பு 30 வெள்ளி. திங்கட்கிழமை போகாதீர்கள், ஒரே பயிற்சியாளர், இருபதுக்கு மேல் ஆட்கள். புதன்கிழமை இரவு 7.30 வகுப்பில் கூட்டம் குறைவு, தலைமைப் பயிற்சியாளரே மேட்டில் இருப்பார். பத்து நிமிடம் முன்னதாகப் போய்க் கடிகாரத்துக்கு அடியில் இடம் பிடியுங்கள், அங்கேதான் மின்விசிறி நேராக விழும்.