"சாம்பிளுக்குப் பழைய பார்ட்ஸைக் கொடுங்க" என்று கேட்டால் கொடுக்காதீர்கள்

கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத்தில் பழைய டிரையம்ப், ஹெரால்டு, எம்ஜி மாதிரி பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பார்ட்ஸ் புரோக்கரும் அவர் கைகாட்டிய பட்டறையும் சேர்ந்து என் காரை என்ன பாடு படுத்தினார்கள் என்பதுதான் விஷயம். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஆள் பெயரையும் கடைப் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஆள் தொழில் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். ஏற்கெனவே மாட்டியவர்களுக்குப் பார்த்ததும் புரிந்துவிடும்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளாவுக்குள்தான், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ். வண்டி 1968 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3. நெல்லியாம்பதியில் எஸ்டேட் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்காக நின்றிருந்தது. 1296 சிசி இன்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் எல்லாம் அப்படியே இருந்தன. கமிஷன் தகட்டில் (வண்டி நம்பர் பொறித்த தகடு) எஃப்டி என்று தொடங்கும் நம்பரும் இன்ஜின் நம்பரும் சரியாக இருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன். உடம்பில் துரு உண்டு. இந்த வயசு வண்டியில் அது இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்பிட்ஃபயர் பிறந்த கதை தெரிந்தவர்களுக்கு நம் பக்கத்தில் இதை வைத்துக்கொள்வது ஏன் சாத்தியம் என்று தெரியும். இது ஹெரால்டின் தம்பி. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. இங்கிலாந்திலேயே இல்லாத நாலு கதவு ஹெரால்டுகூட இங்கே ஓடியது. அதனால் தமிழ்நாட்டில் எங்காவது ஒரு ஷெட்டில், பழைய இரும்புக் கடையில், ஓய்வு பெற்ற மெக்கானிக் வீட்டுப் பரணில் ஹெரால்டு சாமான் இன்னும் கிடக்கிறது. நிறைய சாமான் இரண்டு வண்டிக்கும் பொது. எல்லாமே பொது இல்லை. அந்த "எல்லாமே இல்லை" என்ற இடத்தில்தான் இந்தப் புரோக்கர்கள் குடும்பம் நடத்துகிறார்கள்.

முதலில் செய்ய வேண்டியிருந்தது முன்பக்க டிரன்னியன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, டிரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே திரும்பும். உள்ளே எண்ணெய் இல்லாவிட்டால் மரை தேயும், தண்ணீர் இறங்கும், தண்டு துருப்பிடித்து ஒருநாள் அந்த இடத்தில் முறியும். சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். வளைவில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமானவர்தான் புரோக்கர். பேச்சு தேன். "கவலையே படாதீங்ணா, லண்டன் சரக்கு, பொட்டி பிரிக்காதது. மரை மட்டும் மேட்ச் பண்ணிப் பார்க்கணும். உங்க பழைய தண்டு ரெண்டையும் குடுத்துவிடுங்க. சாம்பிள் இல்லாம நான் எதை வெச்சுங்ணா தேடறது?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மரை விஷயத்தில் மேட்ச் பார்ப்பது சரியான வழக்கமும்கூட. இரண்டு தண்டும் ஒரிஜினல், "ஸ்டான்பார்ட்" என்று இரும்பிலேயே எழுத்து ஏறியவை. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனி தன் சாமானில் போடும் முத்திரை அது. கழற்றும்போதே இரண்டிலும் வழக்கம்போல மூன்று பஞ்ச் புள்ளி அடித்து, போட்டோவும் எடுத்து வைத்திருந்தேன். முன்பணம் கூகுள் பே. பில் கேட்டதற்கு, "சரக்கோட வரும்ணா."

சரக்கு வந்தது. டிரன்னியன் இரண்டும் ஒரே பக்கத்துக்கானவை. இந்த வண்டியில் ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. ஜோடி என்றால் இரண்டும் வேறு வேறாகத்தான் இருக்க முடியும். இது தெரியாத ஆள் டிரையம்ப் சாமான் விற்கவே கூடாது. தெரிந்தே அனுப்பியிருந்தால் இன்னும் மோசம். வார்ப்பில் மணல் பொத்தல் கண்ணுக்கே தெரிந்தது. லண்டனாவது ஒன்றாவது, நம்ம பக்கத்துப் பவுண்டரியில் அவசரத்தில் ஊற்றியது. கோவைப் பவுண்டரிகளைக் குறை சொல்லவில்லை. அளவு கொடுத்து, உலோகம் இன்னதென்று சொல்லிச் செய்யச் சொன்னால் அருமையாகச் செய்வார்கள். ஊற்றியதை லண்டன் என்று விற்பதுதான் வலிக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், திரும்பி வந்த தண்டுகள். பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்து, "சும்மா சர்வீஸ் பண்ணிக் குடுத்திருக்கேன், காசு வேண்டாம்" என்று ஒரு உபசாரம் வேறு. பெயின்டைச் சுரண்டினால் ஸ்டான்பார்ட் எழுத்து இல்லை, என் பஞ்ச் புள்ளியும் இல்லை. அவை டிரம் பிரேக் வைத்த ஏதோ ஹெரால்டின் தண்டுகள். ஸ்பிட்ஃபயருக்கு முதல் வண்டியிலிருந்தே முன்னால் டிஸ்க் பிரேக். என் டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் அதில் உட்காரவே உட்காராது.

அதாவது நல்ல ஒரிஜினல் சாமானை சாம்பிள் என்ற பெயரில் வாங்கி, அதை இன்னொருவருக்கு நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, எனக்குத் தன் கையில் கிடைத்த எதையோ பெயின்ட் அடித்துக் கொடுப்பது. டூப்ளிகேட் விற்றால் பணம் மட்டும்தான் போகும். இதில் அளவு பார்த்து வேறொன்று செய்துகொள்ளக் கையில் மூலமே இல்லாமல் போகிறது. கம்பெனி 1980-லேயே ஸ்பிட்ஃபயர் செய்வதை நிறுத்திவிட்டது. பழைய சாமான் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதுதான் நமக்கு அளவுகோல்.

இதற்கிடையில் வண்டி, அவர் கைகாட்டிய பட்டறையில் நின்றிருந்தது. "நம்ம ஆளுங்ணா, பிரிட்டிஷ் வண்டி மட்டும்தான் தொடுவாரு." அங்கே நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையை எந்த டிங்கரும் இப்படிச் செய்துவிடக்கூடும்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பாகத்தை சில் என்பார்கள். ஹெரால்டில் பாடியின் பாரத்தைச் சேஸின் (வண்டியின் அடிச்சட்டம்) பக்கச் சட்டங்கள் தாங்கும். சில் பெரும்பாலும் மூடாக்குதான். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு சேஸ், ஓரத்தில் பாடியின் பலம் முழுக்க இந்தச் சில்தான். மேலே கூரையும் இல்லை. ஆகவே சில்லை மாற்றும்போது பாடியைச் சேஸிலிருந்து கழற்றக் கூடாது. கதவு இருக்கும் இடத்தில் குறுக்கே கம்பியோ பட்டையோ வைத்து இறுக்கி, ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தை வெட்ட வேண்டும். இவர்கள் பாடியைச் சேஸிலிருந்து தூக்கி மரக்கட்டை மேல் வைத்து, இரண்டு பக்கச் சில்லையும் ஒரே மூச்சில் வெட்டிவிட்டார்கள். பாடி நடுவில் தொய்ந்தது. தொய்ந்த நிலையிலேயே புதுத் தகடு வைத்து வெல்டிங். கதவை மாட்டினால் மேல் மூலை இடிக்கிறது, சாத்த முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கதவின் ஓரத்தைக் கிரைண்டரில் தேய்த்தார்கள். தேய்த்த இடத்துக்குப் பட்டி, பட்டிக்கு மேல் பிரைமர்.

நான் போகும்போதெல்லாம் வண்டி மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. "தூசு படக்கூடாதுங்க." காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. பட்டறைக்காரர் முகம் அந்த நேரத்தில் எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள்.

போல்ட் கதை இன்னொன்று. இந்த வண்டியில் பெரும்பாலும் இஞ்ச் மரை. 5/16 இஞ்ச் போல்ட்டும் எம்8 போல்ட்டும் கையில் எடுத்தால் ஒன்றுபோலவே இருக்கும். விட்டம் முன்னது 7.94 மில்லிமீட்டர், பின்னது 8. ஆனால் 5/16 நைஸ் மரையில் இஞ்சுக்கு 24 மரை. எம்8-ல் கிட்டத்தட்ட 20. ஸ்பேனரில் வலுவாக முறுக்கினால் ஏறத்தான் செய்யும், உள்மரையைத் தின்றுகொண்டே ஏறும். வாட்டர் பம்ப் ஹவுஸிங்கில் அப்படித்தான் ஏற்றியிருந்தார்கள்.

ஆயில் ஒழுகுகிறது என்று, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பையும் கழற்றியிருந்தார்கள். இன்ஜினின் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து நிறுத்தும் திரஸ்ட் வாஷர்களைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணெய்க் கோடு இருக்கும் பக்கம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும், பிளாக்கைப் பார்த்து இருந்தது. டிரையம்ப் இன்ஜினில் இந்த வாஷர் தேய்ந்து சம்ப்பில் விழுந்தால் கிராங்கே பாழ். வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு இலவசமாக ஒரு சோதனை: ஒருவர் கிளட்ச்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் பேரம் பேசாதீர்கள், கிளம்பிவிடுங்கள். கம்பெனி அனுமதிப்பது 4 முதல் 8 தவ் (இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) வரைதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது வண்டியை டெம்போவில் ஏற்றிப் பாலக்காட்டில் ஒரு வயதான ஆசானிடம் கொண்டுபோன பிறகு. அவர் எஸ்டேட் ஜீப்புகளில் கை பழகியவர். தண்டைக் கையில் எடுத்து ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். "இது உங்க வண்டிது இல்ல தம்பி. உங்க வண்டிதை யாரோ ஓட்டிட்டிருக்கான்." அதோடு, வந்த டிரன்னியனில் கிரீஸ் நிப்பிள் வைத்து கிரீஸ் அடைத்திருந்ததைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். அங்கே போக வேண்டியது 90 கியர் ஆயில்; கம்பெனி கையேடும் அதைத்தான் சொல்கிறது. கிரீஸ் இறுகி மரைக்குள் இறங்காமல் நின்றுவிடும், மேலே பார்த்தால் எல்லாம் வழவழப்பாகத் தெரியும்.

புரோக்கரைக் கூப்பிட்டேன். முதலில் "மாறிப்போச்சுங்ணா, கோடவுன்ல தேடறேன்." அப்புறம் "நீங்க குடுத்ததே அதுதான்." போட்டோவை அனுப்பியதும் இரண்டு நீல டிக், பிறகு பிளாக். அடுத்த கொஞ்ச நாளில் வேறொரு குழுவில் "ஒரிஜினல் ஸ்டான்பார்ட், மார்க் 3 ஜோடி, 38,000" என்று ஒரு படம் வந்தது. படத்தில் மூன்று பஞ்ச் புள்ளி. "சோல்டு" என்று போட்டிருந்தது. கோட்டயம் பக்கம் போயிருப்பதாகக் குழுவில் பேசிக்கொண்டார்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் "ஆள் தமிழ்நாடு, அங்க போங்க" என்றார்கள். அந்தப் பக்கத்தில் "நீங்க கேரளா, பணம் அனுப்பினது அங்கிருந்து, இது சிவில் கேஸ்" என்றார்கள். இரண்டுக்கும் அசைய வேண்டாம். குற்றப் புகாரை எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆராகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நுகர்வோர் புகாருக்கு விற்றவர் ஊருக்குப் போகவே வேண்டாம்; 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்துகொண்டால் ஒரு நம்பர் கிடைக்கும். என் புகார் பாலக்காட்டில் இருக்கிறது. கையில் பில் இல்லை. வாட்ஸ்அப் பேச்சு, கூகுள் பே ரசீது, பஞ்ச் புள்ளி தெரியும் முன்-பின் போட்டோ மூன்றும்தான் சாட்சி. வக்கீல் போதும் என்கிறார்.

இனி சாமான் தேடுகிறவர்களுக்கு: சாம்பிள் கேட்டால் வெர்னியரில் அளந்து அளவைக் கொடுங்கள். மரைக்கு பிட்ச் கேஜ் வைத்துப் படம் அனுப்புங்கள். பொருத்திப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சாமானை நீங்களே எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் நின்று பார்த்து, கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். இங்கிலாந்தில் இந்த வண்டிக்குப் புது டிரன்னியன் இன்றைக்கும் தயாராகிறது. சுங்க வரியெல்லாம் சேர்த்தும், நான் இங்கே இழந்ததைவிடக் குறைவாகத்தான் வந்திருக்கும்.

கடைசியாக, அந்தத் தண்டுகளை வாங்கியவர் இதைப் படித்தால்: உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, திருப்பிக் கேட்டு வரவும் மாட்டேன். ஆனால் இடதுபக்கத் தண்டில், மரை முடியும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு துருப்பள்ளம் இருக்கிறது. அதை மாற்றுவதாகத்தான் இருந்தேன். இப்போது அதன் மேல் பெயின்ட் இருக்கும். சுரண்டிப் பார்த்து, கிராக் டெஸ்ட் எடுக்கும் வரை வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.