கூலிமில் வாடகை வீடு: வீட்டுக்காரரா, நிர்வாக நிறுவனமா?

மலேசியாவில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் புதிய சங்கதி. வீடு தோட்டத்தினுடையது, வேலை இருக்கும்வரைதான் கூரை. 1996இல் கெடா மாநிலத்தின் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்து, அங்குள்ள தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் "வைப்புத்தொகை எவ்வளவு?" என்ற பேச்சே எங்கள் குடும்பத்தில் எழுந்தது. இந்த ஊரில் இரண்டு விதமாகவும் குடியிருந்திருக்கிறேன்: முதலில் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவரின் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில், பிறகு ஒரு நிறுவனம் நிர்வகிக்கும் வீட்டில்.

கையிலிருந்து போகும் பணம் வழக்கத்தில் ஒன்றுதான். மாத வாடகை 900 வெள்ளி (ரிங்கிட்) என்றால் இரண்டு மாத வைப்புத்தொகை 1,800, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் 450, முதல் மாத வாடகை 900. சாவி வாங்குவதற்குள் 3,150 வெள்ளி. கிராணி ஐயா, "அந்த அரை மாதத்தைப் பிறகு கொடு தம்பி" என்றார். நிறுவனத்தில் ஒரு காசும் குறையவில்லை.

பழுது பார்ப்பதில் வீட்டுக்காரருக்கே என் ஓட்டு. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால், ஐயா மறுநாள் காலையிலேயே மோட்டார் சைக்கிளில் வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே குனிந்து வாஷர் மாற்றிவிடுவார். நிறுவனத்துக்குப் படம் அனுப்பி, அவர்கள் உரிமையாளரின் சம்மதம் வாங்கி, ஆள் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அத்தனை நாளும் என் மனைவி வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தாள்.

வைப்புத்தொகையில்தான் கதை மாறுகிறது. நாங்கள் வீட்டைக் காலி செய்தபோது ஐயாவிடம் அந்தப் பணம் இல்லை. மகள் கல்யாணத்தில் செலவாகியிருந்தது. நான்கு தவணையில் கொடுத்து முடித்தார். மனிதர் நல்லவர், அதனால் வந்தது. வேறொருவராக இருந்தால் நான் எதைக் காட்டிக் கேட்டிருப்பேன்? எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நிறுவன வீட்டிலோ குடிபோன அன்றே ஒரு பெண் அறை அறையாக வந்து குறிப்பெடுத்தார். "குளியலறை, கதவுக்கு இடப்புறம் இரண்டாவது ஓடு, விரிசல்" என்று எழுதினார், இருவரும் கையெழுத்திட்டோம். காலி செய்தபோது அதே ஓட்டுக்கு 120 வெள்ளி பிடித்தார்கள். எனக்குக் கோபம்தான். ஆனால் நகலைக் காட்டியதும் ஒரு வாரத்தில் பணம் திரும்பியது.

"இந்தியர்களுக்கு இல்லை" என்ற வரி வாடகை விளம்பரங்களில் இன்றும் வருகிறது. நிறுவனம் வழியாகப் போனாலும் இந்த அவமானம் தீர்வதில்லை. உரிமையாளரின் நிபந்தனையைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லாத நாட்டில் இதை யாரிடம் முறையிடுவது?

சட்டத்தின் துணை அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act), பிரிவு 7(2)இன்படி, நீதிமன்ற உத்தரவில்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவேன் என்று மிரட்டுபவர் யாராக இருந்தாலும் இதைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள். ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025இல் நீங்கிவிட்டது. 900 வெள்ளி வாடகையில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 44 வெள்ளி ஆகும். நிறுவனம் என்றால், மதிப்பீட்டாளர், சொத்து முகவர், சொத்து நிர்வாகி ஆகியோருக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று பாருங்கள். நிறுவனத்துக்கான வைப்புத்தொகையைத் தனி ஆளின் வங்கிக் கணக்கில் போடவே போடாதீர்கள்.

வீட்டுக்காரரைத் தெரிந்த உள்ளூர்க் குடும்பத்துக்கு நேரடி வாடகையே நல்லது, முத்திரையிட்ட ஒப்பந்தத்தோடு. ஊருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் நிறுவனத்தைத்தான் சொல்வேன். என் தங்கை மகள் அடுத்த மாதம் பாகான் செராயிலிருந்து வேலைக்கு வருகிறாள். அவளுக்கு அப்படித்தான் வீடு பேசியிருக்கிறேன். சாவி வாங்கும் அன்று நானும் கூடப் போய், ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத வைப்பேன்.