மிதக்கும் தட்டா, தனிப் பேனலா? மாடித் தொட்டிக்கு எந்த சோலார் நீரூற்று?

மாடித்தோட்டத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தால் அந்த இடமே வேறாகிவிடும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் குளிக்க வரும், மைனா வரும், அணில் வரும். இதற்காக சோலார் நீரூற்று வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையையும், தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்பும் என்பதையும்தான் பார்க்கிறார்கள். மூன்று வகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். உங்கள் மாடியில் வெயில் விழும் இடமும் தண்ணீர் இருக்க வேண்டிய இடமும் ஒன்றுதானா?

மிதக்கும் வகையில் பேனல், மோட்டார், நாசில் எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். தண்ணீரில் போட்ட சில நொடிகளில் பீய்ச்சத் தொடங்கும். ஒயர் இழுக்க வேண்டாம், சுவரில் துளை போட வேண்டாம், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். முதல் வாரம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் தட்டு ஓட வேண்டுமென்றால் தொட்டியே உச்சி வெயிலில் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் அந்தத் தண்ணீர் கை வைத்தால் சுடும், ஒரு வாரத்தில் பச்சைப் பாசி பிடிக்கும், மட்டமும் நாளுக்கு நாள் இறங்கும். இன்னொன்று, பீய்ச்சும் தண்ணீர் அந்தப் பேனல் மேலேயே விழுந்து காய்கிறது. போர் தண்ணீர் என்றால் கொஞ்ச நாளில் கண்ணாடி மேல் வெள்ளை உப்புப் படிந்து தண்ணீரின் உயரம் பாதியாகிவிடும்.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், தண்ணீர்த் துளிக்குக் கேட்கவா வேண்டும்? தட்டு தொட்டியின் ஓரத்துக்கு ஒதுங்கிப் பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிடும். மட்டம் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றினால் சீக்கிரம் கெட்டுப்போகும். தூண்டில் நரம்பில் ஒரு கல்லைக் கட்டித் தட்டை நடுவில் நிறுத்தலாம், கொஞ்சம் உயரம் குறைவான நாசிலைப் போடலாம். அகலமான தொட்டி, காற்று அடங்கிய முற்றம், நல்ல வெயில் மூன்றும் இருந்தால் இந்த வகையே போதும்.

தனிப் பேனல் வகையில் பம்ப் தண்ணீருக்குள் இருக்கும், பேனல் சில மீட்டர் ஒயரில் வெளியே இருக்கும். இந்த ஒயர்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. தமிழ்நாடு ஏறத்தாழ 8 முதல் 13.5 டிகிரி வட அட்சரேகைக்குள் இருப்பதால், பேனலைத் தெற்குப் பார்த்து 10, 15 டிகிரி சாய்த்து வைத்தால் ஆண்டு முழுக்க நல்ல வெளிச்சம் கிடைக்கும். தொட்டியை அவரைப் பந்தலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேனல் மேல் நிழல் விழக் கூடாது. உள்ளே செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால், ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலே பம்ப் திணறும்.

பம்ப் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் வரத்து சுழியமாகிவிடும் உயரம் அது. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் விழாது. அடுக்கு உருளி வைத்து அரை மீட்டர் மேலே ஏற்ற வேண்டுமென்றால், ஒரு மீட்டருக்குக் குறையாத பம்ப்தான் வேண்டும்.

பேட்டரி இல்லாத தனிப் பேனலுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. நாம் மாடிக்கு ஏறுவதே வெயில் தாழ்ந்த பிறகுதான். பாயை விரித்து உட்காரும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். எனக்கு இதுதான் தாங்கவில்லை. பேட்டரி உள்ள வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த மாலை நேரத்துக்காகத்தான். கணக்கும் கைக்கு எட்டியதே. 10 வாட் பேனலில் நல்ல வெயில் நாளில் இழப்பு போக 35, 40 வாட்-மணி நேரம் கிடைக்கும். 4 வாட் பம்ப் மாலை 6 முதல் 9 வரை ஓட 12 வாட்-மணி நேரம் போதும். மீதியில் பகலில் பல மணி நேரம் ஓடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும்போது பேட்டரி பேனலின் முதுகில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் அந்த இடம் கொதிக்கும், சூட்டில் பேட்டரியின் ஆயுள் குறையும். தனிப் பெட்டியாக நிழலில் வைக்கக்கூடியதே நல்லது.

சரி, வீட்டுக் கரண்டில் ஓடும் பம்ப்? 18 வாட் பம்ப் தினம் 10 மணி நேரம் ஓடினாலும் மாதம் ஐந்தரை யூனிட்கூட ஆகாது. ஆகவே கரண்ட் பில்லுக்குப் பயந்து சோலார் வாங்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது குழந்தைகள் கையை விட்டு விளையாடும் தண்ணீரில் 230 வோல்ட் இருப்பதற்கு. கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் சரியான எர்த்தும் இல்லாத வீட்டில் அதைச் செய்யவே கூடாது. சோலார் பம்பில் பெரும்பாலும் 6 அல்லது 12 வோல்ட்தான்.

மீனும் கொசுவும் தனிக் கதை. பாசியும் செடியும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் தண்ணீரில் அது மிகக் குறைவது விடியலுக்கு முன்புதான், பேட்டரி இல்லாத பம்ப் நின்றுபோயிருக்கும் நேரம் அது. நிறைய மீன் வைக்கும் எண்ணமிருந்தால் பேட்டரி வகைக்குப் போங்கள், விடியற்காலையிலும் அது சிறிது நேரம் ஓட வேண்டும். வாய் அகன்ற தொட்டியில் நாலைந்து கப்பி மீன்கள் என்றால் எந்த வகையிலும் பிழைக்கும், கொசுப் புழுவையும் தின்னும். தண்ணீர் ஓடுகிறதே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில். அந்த முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும். மீன் இல்லாத தொட்டியின் உள்சுவரை வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அல்லி வளர்ப்பவர்களுக்கு ஒன்று: அது வெயிலைக் கேட்கும், ஆனால் இலை மேல் தண்ணீர் கொட்டினால் அழுகும். அங்கே மிதக்கும் தட்டு ஆகாது.

இப்போது என் மாடியில் தெற்குக் கைப்பிடிச் சுவரில் 10 வாட் பேனல், பந்தலுக்கு அடியில் சிமெண்ட் தொட்டி, பக்கத்தில் நிழலில் பேட்டரிப் பெட்டி. பழைய மிதக்கும் தட்டைப் பறவைகளுக்காக வைத்த அகலப் பாத்திரத்தில் போட்டிருக்கிறேன். ஓரமாகச் செங்கல் அடுக்கியிருப்பதால் குருவிகள் நிற்க ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டாது. மாதம் ஒருமுறை நாசிலைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்தால் உப்பு விட்டுவிடுகிறது.