3003 அலுமினியக் கலவை: பல வருடம் உலையில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

3003 தகடு பல வருடமாக என் கையில் புழங்குகிறது. தகட்டில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் சான்றிதழ் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது மாங்கனீஸ் எண்ணைத்தான், 1.0 முதல் 1.5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி என்று வாங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் சிலிக்கானையும் இரும்பையும் முதலில் பாருங்கள் என்பேன். இரண்டுக்கும் உச்சவரம்பு மட்டும்தான் உண்டு (சிலிக்கான் 0.6, இரும்பு 0.7), அதனால் விதிக்கு உட்பட்ட இரண்டு லாட்டுகள் ஒரே உலையில், ஒரே வெப்பச் சுழற்சியில் வேறு வேறு மாதிரி வெளியே வரும்.

காரணம் இதுதான். திண்ம அலுமினியத்தில் மாங்கனீஸ் அதிகபட்சம் 1.8 சதவீதம் அளவுக்குக் கரையும், அதுவும் 658 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். வெப்பநிலை இறங்க இறங்க அந்த அளவு வேகமாகக் குறைகிறது. ஆனால் மாங்கனீஸ் அணு அலுமினியத்துக்குள் நகர்வது மிக மெதுவாக என்பதால், வார்த்த கட்டி குளிர்ந்த பிறகும் பெரும்பகுதி கரைந்தே மாட்டிக்கொண்டிருக்கும். மறுபடி சூடேற்றும்போதுதான் அது வீழ்படிவாக, அதாவது திண்மத்துக்குள்ளேயே தனித் துகள்களாகப் பிரிந்து, வெளியே வருகிறது. சிலிக்கான் குறைவாக இருந்தால் ஆறு அலுமினிய அணுவுக்கு ஒரு மாங்கனீஸ் என்ற சேர்மம் சோம்பலாக உருவாகும். சிலிக்கான் போதுமான அளவு இருந்தால் மாங்கனீஸின் கரைதிறன் குறைந்து, 350 முதல் 450 டிகிரிக்குள்ளேயே ஆல்ஃபா எனப்படும் அலுமினியம்-மாங்கனீஸ்-சிலிக்கான் துகள்கள் பொடிப்பொடியாக, நெருக்கமாக வந்துவிடும்.

இரும்பின் வேலை வார்ப்பிலேயே முடிந்துவிடுகிறது. திண்ம அலுமினியத்தில் அது 0.05 சதவீதம்கூடத் தாண்டிக் கரையாது, மீதி எல்லாம் பெரிய துகள்களாக உறையும்போது மாங்கனீஸையும் கூடவே இழுத்துக்கொள்ளும். அப்புறம் உலையில் வீழ்படிய மிச்சமிருப்பதே குறைவுதான்.

இதையெல்லாம் நுண்ணோக்கி இல்லாமலே பார்க்க எனக்குக் கை கொடுத்தது மின்கடத்துத்திறன் மீட்டர். கரைந்திருக்கும் ஒவ்வொரு 1 சதவீத மாங்கனீஸும் மின்தடைத்திறனை (கடத்துத்திறனின் தலைகீழ்) ஏறக்குறைய 3 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் கூட்டுகிறது, சுத்த அலுமினியத்தின் மின்தடைத்திறனே 2.65 தான்! அதே மாங்கனீஸ் வீழ்படிந்துவிட்டால் பாதிப்பு கிட்டத்தட்ட ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அதனால் சுழற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் மீட்டரை வைத்தால் எவ்வளவு வெளியே வந்தது என்று ஓரளவு நன்றாகவே தெரிந்துவிடுகிறது. மிக எளிய சோதனை, இதைச் செய்யாத இடங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மக்னீசியம் சுமார் 1 சதவீதம் சேர்ந்த 3004-ல் கதை கொஞ்சம் மாறும். மெதுவாகச் சூடேறும்போது முதலில் மக்னீசியம் சிலிசைடு உருவாகி, பிறகு அது கரையும் இடங்களிலேயே ஆல்ஃபா துகள்கள் முளைக்கின்றன, ஆகவே இங்கே சூடேற்றும் வேகத்தை அலட்சியப்படுத்தவே கூடாது. செம்பு 3003-ல் இருக்கும் 0.05 முதல் 0.20 அளவில் பெரும்பாலும் கரைந்தே இருந்து வலுவைக் கூட்டும், வீழ்படிவில் அதனால் பெரிய மாற்றத்தை நான் பார்த்ததில்லை. சிர்கோனியம் சேர்த்தால் அதன் நுண்துகள்கள் மணி எல்லைகளை (உலோகத்தின் சிறு படிகங்களான மணிகளுக்கு இடையிலான எல்லைகளை) பிடித்து நிறுத்தி, மறுபடிகமாதலை, அதாவது உருட்டிய உலோகத்தில் சூட்டால் புது மணிகள் உருவாவதை, தள்ளிப்போடும்.

குளிர் உருட்டல் முடிந்த தகட்டை மென்மையாக்குபவர்களுக்கு ஒன்று. முன்னதாகச் சமப்படுத்தல் (உருட்டுவதற்கு முன் வார்த்த கட்டியை அதிகச் சூட்டில் நெடுநேரம் வைப்பது) சரியாக நடக்காமல் மாங்கனீஸ் நிறையக் கரைந்திருந்தால், மெதுவான சூடேற்றத்தில் வீழ்படிவு முந்திக்கொண்டு மணி எல்லைகளை அடைத்துவிடும், கடைசியில் பெரிய நீள மணிகள் வந்து, ஆழமாக இழுக்கும்போது மேற்பரப்பு சொரசொரப்பாகும். வேகமாகச் சூடேற்றினால் மறுபடிகமாதல் முந்தி மணி சிறிதாகும். வேகத்தைக் கூட்ட முடியாத சரக்கை மொத்தமாக உள்ளே வைத்துச் சூடேற்றும் பெரிய தொகுதி உலை என்றால், கட்டியை 600 டிகிரி பக்கம் சமப்படுத்தி, பிறகு மெதுவாக இறக்கிய சரக்கா என்று வாங்கும்போதே கேளுங்கள். சான்றிதழில் அது இருக்காது.