பழைய படங்களுக்கு எது ஏற்றது: புளூ-ரேயா, 4கே வட்டா, ஸ்ட்ரீமிங்கா?

பழைய படம் ஒன்றை வீட்டில் நல்ல தரத்தில் பார்க்க விரும்புகிறவர் முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: புதிதாக மறுசீரமைத்த பிரதியிலிருந்து தயாரான புளூ-ரே, அதே பிரதியின் 4கே வட்டு, அதே படத்தின் 4கே ஸ்ட்ரீமிங். டிவிடியை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. 720-க்கு 480 அல்லது 576 பிக்சல் கொண்ட அந்தப் படம் இன்றைய பெரிய திரைகளில் தாக்குப்பிடிப்பதில்லை. பால் (PAL) எனும் தொலைக்காட்சித் தரத்தில் வந்த டிவிடிகளிலோ நொடிக்கு 24 பிரேமாக எடுத்த படம் 25 பிரேமாக ஓடுவதால் நடையும் பேச்சும் சற்றே விரைவுபட்டுவிடுகின்றன. வேறு வடிவில் வராத படங்களுக்கு மட்டும் அதை விட்டுவைக்கலாம்.

என் சேகரிப்பைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, சில படங்களை மூன்று வழிகளிலும் ஒரே தொலைக்காட்சியில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன். 35 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்ட கறுப்பு-வெள்ளைப் படங்கள் அனைத்துக்கும், வண்ணப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கும் நான் தேர்ந்தெடுத்தது புளூ-ரே. 4கே என்ற முத்திரை எங்கும் தென்படும் காலத்தில் இந்தத் தேர்வு பின்னோக்கிப் போவதாகத் தோன்றலாம் என்பதால், அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிக்சல் கணக்கை முதலில் முடித்துவிடலாம். புளூ-ரேயில் 1920-க்கு 1080, 4கேயில் 3840-க்கு 2160. அதாவது நான்கு மடங்கு. ஆனால் சராசரிப் பார்வையுள்ள ஒருவர் 55 அங்குலத் திரையிலிருந்து சுமார் 2.2 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் புளூ-ரேயின் பிக்சல்களையே தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது. அதற்கு மேலான நுணுக்கம் திரையில் இருந்தாலும் கண்ணை வந்தடையாது. பெரும்பாலான வீடுகளில் இருக்கை அந்தத் தூரத்தில்தான் இருக்கும். ஆகவே பிக்சல் எண்ணிக்கை இந்தப் போட்டியைத் தீர்மானிப்பதில்லை.

தீர்மானிப்பது கிரெய்ன், அதாவது படச்சுருளின் நுண்துகள்கள் திரையில் தெரியும் தோற்றம். படச்சுருளில் பிக்சல் என்று எதுவும் இல்லை. ஒளிபட்ட வெள்ளி உப்புத் துகள்கள்தான் உருவத்தை ஆக்குகின்றன. கறுப்பு-வெள்ளைச் சுருளில் அந்த வெள்ளியே படமாக நிற்கிறது. வண்ணச் சுருளில் வெள்ளி கழுவி நீக்கப்பட்டு, அது இருந்த இடத்தில் சாயத்தின் நுண்திட்டுகள் எஞ்சுகின்றன. இந்தத் துகள்கள் ஒவ்வொரு பிரேமிலும் வேறு வேறு இடத்தில் விழுவதால், ஒரு பிரேமில் கிடைக்காத கன்னத்து ரேகை அடுத்த பிரேமில் கிடைக்கிறது. நொடிக்கு 24 பிரேம் ஓடும்போது கண் அவற்றையெல்லாம் சேர்த்து, எந்தத் தனிப் பிரேமிலும் இல்லாத நுணுக்கத்தை உணர்கிறது. கிரெய்ன் என்பது படத்தின் மேல் படிந்த அழுக்கு அல்ல, படம் அதனால்தான் ஆகியிருக்கிறது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். அதைத் துடைத்தெடுத்தால் தோலின் துளைகளும், துணியின் நெசவும், தூரத்து இலைகளும் அதனோடு சேர்ந்தே போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், இந்த வடிவங்களில் காணொளியைச் சுருக்கும் நுட்பங்கள் ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே மாறாதவற்றைக் கண்டுபிடித்து, மாறியதை மட்டும் பதிவுசெய்து இடத்தை மிச்சப்படுத்துகின்றன. கிரெய்னோ ஒருபோதும் திரும்ப வருவதில்லை. அதனால் தரவை அதிகம் விழுங்குவதும் அதுவே, தரவு குறையும்போது முதலில் பலியாவதும் அதுவே. புளூ-ரேயில் காட்சிக்கென நொடிக்கு 40 மெகாபிட் வரை செல்லலாம். நல்ல வெளியீடுகள் 30-ஐ ஒட்டி ஓடுகின்றன. 4கே ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடுகிறது, அதையும் நான்கு மடங்கு பிக்சல்களுக்குப் பங்கிட வேண்டும். 16 மெகாபிட் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு பிக்சலுக்குக் கிடைக்கும் தரவு புளூ-ரேயில் கிடைப்பதில் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஸ்ட்ரீமிங்கில் பயன்படும் புதிய சுருக்கமுறை பழையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு திறமையானது என்று சலுகை கொடுத்தாலும் இடைவெளி அடைபடுவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யில் அபுவும் துர்காவும் நாணல் பூத்த வெளியைக் கடந்து ரயிலைப் பார்க்க ஓடும் காட்சியைப் போட்டுப் பார்க்கலாம். திரை முழுவதும் வெண்ணிறப் பூக்கதிர்கள் காற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஆட, பின்னால் ரயிலின் கரும்புகை வெளிறிய வானத்தில் மெல்லக் கரைகிறது. சுருக்கமுறைக்கு இதைவிடக் கடினமான சோதனை அரிது. மறுசீரமைத்த பிரதியின் புளூ-ரேயில் கதிர்கள் பிரிந்து நிற்கின்றன, புகையின் விளிம்பு வானத்தோடு படிப்படியாகக் கலக்கிறது. நான் பார்த்த ஸ்ட்ரீமிலோ கதிர்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு அசைந்தன. புகை வானத்தோடு கலக்கும் இடத்தில் வரைபடத்தின் உயரக்கோடுகள்போல வளையங்கள் தெரிந்தன. காட்சி நிலைத்த படமாக இருந்தபோது இரண்டுக்கும் வேறுபாடு தெரியவே இல்லை. ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆகவே நிறுத்திவைத்த படங்களை அருகருகே ஒட்டிக் காட்டும் ஒப்பீடுகளை நான் முழுமையாக நம்புவதில்லை. கிரெய்ன் உயிரோடு இருக்கிறதா, அல்லது உறைந்துபோய் முகம் மட்டும் அதன் அடியில் நகர்கிறதா என்பது ஓட்டத்தில் மட்டுமே தெரியும். நடுத்தர வெளிச்சத்தில் அண்மைக்காட்சியாக வரும் ஒரு முகம், வெறும் வானம், காட்சி மெல்ல இருளில் மறையும் இடம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால் ஒரு வெளியீட்டின் தரம் ஏறக்குறைய பிடிபட்டுவிடும்.

ஸ்ட்ரீமிங் தரப்பில் இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. ஏவி1 என்ற சுருக்கமுறையில் கிரெய்னைச் சுருக்குவதற்கு முன்பே நீக்கிவிட்டு, அதன் தன்மையை மட்டும் குறித்து அனுப்பி, பார்ப்பவரின் கருவியிலேயே அதுபோன்ற ஒன்றைச் செயற்கையாக உண்டாக்க முடியும். தரவை மிச்சப்படுத்துவதற்கு இது திறமையான வழி. ஆயினும் அப்படி உண்டாக்கப்படுவது அந்தச் சுருளின் கிரெய்ன் அல்ல; அந்தக் கிரெய்னுக்குள் இருந்த நுணுக்கம் திரும்பி வருவதில்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: ஸ்ட்ரீமிங்கில் இன்று பார்க்கும் பிரதி நாளை சத்தமின்றி மாற்றப்படலாம், பத்து ஆண்டுகளுக்கு முந்தைய பழைய மாஸ்டரே (வெளியீடுகளுக்கு அடிப்படையான பிரதி) புதிய முகப்புப் படத்தோடு ஓடிக்கொண்டிருக்கலாம். எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்று அறியாமல் தரத்தைப் பற்றி என்ன பேச முடியும்?

கிரெய்னைக் காப்பதில் வட்டு எல்லாமே நல்லது என்றும் பொருளல்ல. 65 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டு 1970-ல் வெளிவந்த 'பேட்டன்' படத்தின் 2008 புளூ-ரே, வெளிவந்தபோது அதன் தூய்மைக்காகப் பலராலும் பாராட்டப்பட்டது. உற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் கிரெய்னை இரைச்சலாகக் கருதி நீக்கும் மென்பொருள் அளவுக்கு மீறிப் புகுந்து, முகங்களை மெழுகுபோல வழவழப்பாக்கிவிட்டது தெரிந்தது. 2012-ல் அதே படம் மீண்டும் புளூ-ரேயாகவே வந்தது. இம்முறை தோலும் கம்பளிச் சீருடையின் நெசவும் திரும்பக் கிடைத்தன. இரண்டும் ஒரே வடிவம், ஒரே பிக்சல் எண்ணிக்கை. அவற்றைப் பிரித்தது சுருளை நடத்திய விதம் மட்டுமே. அட்டையில் உள்ள வடிவத்தின் பெயரைவிட, எந்த ஆண்டு, எந்த மூலத்திலிருந்து, எப்படி ஸ்கேன் செய்யப்பட்டது என்ற விவரத்தை முதலில் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மூலம் என்று சொல்லும்போது, எல்லாப் படத்துக்கும் கேமரா நெகட்டிவ் எஞ்சியிருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ், அதிலிருந்து டூப் (நகல்) நெகட்டிவ், அதிலிருந்து திரையரங்கப் பிரிண்ட் என்று ஒவ்வொரு படியிலும் கூர்மை குறைந்து கிரெய்ன் கூடுகிறது. 'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கும் ரேயின் அபு வரிசை மூன்று படங்களின் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகின. பின்னர் இத்தாலியின் போலோன்யா நகரத்து ஆய்வகத்தில் அவற்றுக்கு ஈரப்பதமூட்டி, கையாலேயே துளைகளையும் கிழிசல்களையும் சீராக்கி ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 விழுக்காடும் 'அபராஜிதோ'வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் அந்த நெகட்டிவிலிருந்தே மீண்டன. எஞ்சிய பகுதிகளும் 'அபுர் சன்சார்' முழுவதும் டூப் நெகட்டிவ்களிலிருந்தும் பாதுகாப்புப் பிரதிகளிலிருந்தும் வந்தவை. 2015-ல் வெளிவந்த அந்த மறுசீரமைப்பைப் பார்க்கும்போது ஒரு ஷாட் கூர்மையாகவும் அடுத்தது சற்று மங்கலாகவும் இருந்தால் அது வட்டின் குறையல்ல. இப்படிப்பட்ட மூலங்களில் 4கே அளவுக்கான நுணுக்கமே பல இடங்களில் இல்லை. இருக்கும் அனைத்தையும் ஒழுங்காகத் தயாரித்த புளூ-ரே தாங்கிக்கொள்கிறது.

4கே வட்டைப் பொறுத்தவரை கிரெய்ன் விஷயத்தில் நான் குறை சொல்ல முடியாது. 100 கிகாபைட் வரை கொள்ளும் அந்த வட்டில் தரவுக்குப் பஞ்சமில்லை; புதிய சுருக்கமுறையின் திறமையையும் சேர்த்துக்கொண்டால் ஒரு பிக்சலுக்கான கணக்கில் அது புளூ-ரேக்கு நிகராக நிற்கிறது. என்னைத் தயங்க வைப்பது எச்டிஆர், அதாவது படத்தின் ஒளி-இருள் வீச்சை விரிவாக்கிக் காட்டும் முறை. திரையரங்கில் பிரிண்ட் ஓடும்போது வெண்மையின் உச்ச அளவு ஏறத்தாழ 48 நிட் (திரையின் ஒளியளவைக் குறிக்கும் அலகு). எச்டிஆர் மாஸ்டர்களோ 1000 நிட், சில 4000 நிட் வரை கூடப் போக இடம் தருகின்றன. கட்டுப்பாட்டோடு செய்தால் விளக்கும் நீர்ப்பரப்பும் அழகாகவே ஒளிர்கின்றன. கட்டுப்பாடு தவறினால், ஒளிப்பதிவாளர் காட்சியின் ஓரத்தில் அடக்கி வைத்திருந்த ஒரு ஜன்னல், பேசிக்கொண்டிருக்கும் முகத்தைவிட முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு மேல், தன்னால் எட்ட முடியாத ஒளியளவை ஒவ்வொரு தொலைக்காட்சியும் தன் போக்கில் குறைத்துக் காட்டுவதால், ஒரே வட்டு இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகத் தெரிகிறது. புளூ-ரேயின் ஒளியளவும் வண்ண வரம்பும் நெடுங்காலமாக நிலைபெற்ற தரத்துக்கு உட்பட்டவை. தொலைக்காட்சியைச் சரியான நிலையில் வைத்துவிட்டால், ஆய்வகத்தில் பார்த்ததற்கு மிக நெருக்கமானது வீட்டில் தெரியும். எச்டிஆரின் ஒரு வகையான டால்பி விஷனை நான் ஒரே ஒரு தொலைக்காட்சியில்தான் நீண்ட நேரம் பார்த்திருக்கிறேன் என்பதால், எச்டிஆர் பற்றிய என் தயக்கத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு சொல். எந்த வடிவமும் தவறான வண்ணத்திலிருந்து நம்மைக் காப்பாற்றுவதில்லை. 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' 2009-ல் இயக்குநரின் விருப்பப்படி முற்றிலும் மாறிய வண்ணத்தில் புளூ-ரேயாக வந்தபோது, படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். 2012-ல் படம் இயல்பான வண்ணத்தோடு மீண்டும் வெளிவந்தது. எடுத்தவர்களே இருவேறு கருத்துக் கொள்ளும்போது, அந்தக் காலத்துப் பிரிண்டைப் பார்க்காத நம்மைப் போன்றவர்கள் இதுதான் சரியான வண்ணம் என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

புளூ-ரேயை விட்டு 4கே வட்டுக்கு நான் போகும் இடமும் உண்டு. 65 மி.மீ. சுருளில் எடுத்து, மூல நெகட்டிவிலிருந்தே ஸ்கேன் செய்த படங்களில் நுணுக்கம் மிகுதி, கிரெய்னோ மிக நுண்மை. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 8கே அளவில் ஸ்கேன் செய்யப்பட்டு 2012-ல் மறுசீரமைக்கப்பட்டது. அதன் பாலைவனத் தொடுவானத்தில் புள்ளியாகத் தோன்றி வளரும் உருவத்தை 4கே வட்டு சில நொடிகள் முன்னதாகவே நமக்குக் காட்டிவிடுகிறது. அங்கே புளூ-ரே பின்தங்குவதை நான் மறுக்கவில்லை. புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு மாறும்: 100 அங்குலத் திரையை 3 மீட்டரிலிருந்து பார்த்தால் புளூ-ரேயின் பிக்சல்கள் கண்ணுக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. அத்தகைய அறையில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தூரத்தில் கிரெய்னை இன்னும் மென்மையாகவும் இயல்பாகவும் காட்டுவது 4கே வட்டாகவே இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. புரொஜெக்டரின் ஒளி திரையரங்க அளவை ஒட்டியே இருப்பதால், எச்டிஆர் மிகைப்படும் அச்சமும் அங்கே பெருமளவு குறைந்துவிடும்.