சின்ன ஜெனரேட்டர்லயே பேட்டரி ஏத்த வச்சுத் தந்தாவ

எங்க வீடு பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள, லைன் கரண்ட் கெடையாது, சோலாரும் 51.2 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு கொள்ளும்ங்கற அளவு) லித்தியம் பேட்டரியும் தான். வெயிலடிச்சா ஒரு கொறையும் இல்ல, ஆனா எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடிச்சா நாலஞ்சு நாள் பேனல்ல ஒண்ணும் வராது, அதுக்குன்னு 2.2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினோம். இன்வெர்ட்டர்ல குடுத்தா ஒரு நிமிசம் சார்ஜ் ஏறும், அப்புறம் இரைஞ்சு இரைஞ்சு நின்னுடும். முதல்ல சோலார் மாட்டித் தந்த ஆளுகிட்ட கேட்டா 5 கேவிஏ வாங்குங்கன்னுட்டார்.

இந்த சோலார் கடையில போய்ச் சொன்னப்ப கடைக்கார அண்ணன் எதையும் விக்கப் பாக்கல, சார்ஜிங் ஆம்பியர் எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு தான் கேட்டாவ. வீட்டுக்கு வந்து பாத்தா 60ல கெடக்கு. 60 ஆம்பியர்னா பேட்டரிக்கு மட்டும் 3200 வாட்ஸ் கிட்ட வரும், நம்ம ஜெனரேட்டர் எப்படி தாங்கும்? ஜெனரேட்டர் சார்ஜிங்க 20க்கு கொறச்சாவ, இப்ப 1200 வாட்ஸ் கிட்டத் தான் இழுக்கு. யுபிஎஸ் மோடுல இருந்தா வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர கழட்டி விட்டுரும்னு அதையும் வோல்டேஜ் ஆட்டத்த தாங்குற அப்ளையன்ஸ் மோடுக்கு மாத்தினாவ. பேட்டரி 50 ஆம்பியர் வரை தான் எடுக்கும், சோலாரும் ஜெனரேட்டரும் ஒண்ணா ஏறினா அது தாண்டக் கூடாதுன்னு மொத்த அளவையும் 50ல கட்டி வச்சாவ.

நான் ரொம்ப நன்றி சொல்றது இன்னொண்ணுக்கு. ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒரு வயர் எங்ககிட்ட இருந்துது, அவசரத்துக்கு ஜெனரேட்டர அதுல வீட்டு பிளக் பாயிண்ட்லயே சொருகுவோம். அது இன்வெர்ட்டரோட அவுட்புட் லைன், அந்தப் பக்கத்துல இருந்து கரண்ட் குடுத்தா இன்வெர்ட்டர் எரிஞ்சிரும், கழட்டின பிளக்கோட பின்லயே கரண்ட் நிக்கும், பிள்ளைய அதத் தொட்டா உயிரே போவும்னு சொல்லி வயர அங்கயே வெட்டிட்டாவ. ஜெனரேட்டர் இன்புட்டுக்கு தனி எம்சிபி (லோடு கூடினா தானா விழுற ஸ்விட்ச்), தனி லைன், எர்த் எல்லாம் போட்டுத் தந்தாவ.

இப்ப மழை நாள்ல காலைல ரெண்டு மணிநேரம் ஓட்டுனா 40 ஏஎச் ஏறிரும், மிச்சத்த வெயில் வரும்போ சோலார் பாத்துக்கும். ஜெனரேட்டர் ஓடும்போ வீட்டு லோடும் அதுமேலதான் வரும், அதனால அந்நேரம் கெணத்து மோட்டர் மட்டும் போட மாட்டோம்.

கொறைன்னா, வாறோம் வாறோம்னு ஒம்பது நாள் இழுத்தாவ. ஞாயித்துக்கிழமை கடை கெடையாது, போன் பண்ணிட்டு போங்க.